தலைகீழாகப் பறக்க ஒரு விமானம்

என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் வைக்காமல் எந்தச் சக்கரத்தையும் உருட்டமாட்டார். பாகூர் கடைத்தெருவில் எங்களுக்கு உரக்கடை. புது மொபெட் வாங்கினால் பழம், பழைய மாட்டுவண்டிக்கு அச்சு மாற்றினால் பழம், மருந்தடிக்கிற மெஷின் ரிப்பேராகி வந்தால் அதற்கும் ஒரு பழம். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலிலிருந்து நாலைந்து பழம் வாங்கிவந்து கல்லாப்பெட்டி மேல் வைத்திருப்பார். நான் வாய் ஓயாமல் கிண்டல் செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வாரமும் வாங்கிவருவார். கோபமே வராத மனுஷன். குடும்பத்துக்கு வேண்டிய கோபம் முழுக்க என்னிடமே இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாயாக இருந்தவர். அந்த வழியில் தம்பியும் பிரான்ஸுக்குப் பட்டாளத்துக்குப் போனான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி மாதத்தை ஒட்டி லீவில் வருவான். அப்படி ஒருமுறை வந்தபோது சென்ட் பாட்டில், சட்டைத்துணி எல்லாம் எடுத்த பெட்டியிலிருந்து ஒரு விமானத்தையும் எடுத்தான். ரேடியோவில் ஓடுவது. கையில் பிடித்துக்கொள்ள ஒரு பெட்டி, அதில் இரண்டு குச்சி. குச்சியை அசைத்தால் வானத்தில் போகிற விமானம் சொன்ன பேச்சைக் கேட்கும்.

வீட்டுக்காரர் உடனே கல்லாவுக்குப் போய்ப் பழம் எடுத்துவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார். விமானம் பழத்தின் மேல் ஏறி நின்றதே தவிர பழம் நசுங்கவில்லை. பூனைக்குட்டி கனம்கூட இல்லை அது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குதிகாலால் தானே நசுக்கிவிட்டார். நானும் தம்பியும் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஏரி அப்போது வற்றிக் கிடந்தது. விடியற்காலை, காற்று எழும்புவதற்கு முன்னால் தரையில் ஓட்டிப் பறக்கவிட்டான். ஒருநாள் பெட்டியை என் கையில் கொடுத்து, "சும்மா புடி அக்கா, குச்சிய மெதுவா தொடு, அது தானா போவும்" என்றான். தொட்டேன். அன்றைக்கு விமானம் தரையிறங்கும்வரை பெட்டியை அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. இறங்கியதும் அவன் சொன்னான், "உனக்கு நல்ல கை அக்கா."

ஊரில் என்னை எல்லோருக்கும் வாய்க்காகத்தான் தெரியும். 'உரக்கடைக்காரம்மா வாய்ல உழுந்தா எழுந்திருக்க முடியாது' என்பார்கள். கை நல்ல கை என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. கோலம் போட்டபோதும் சொல்லவில்லை, மூட்டை தைத்தபோதும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் விமானம் ஓட்டினேன் என்று இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

லீவு முடிந்து போகும்போது விமானத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். ஏரி வற்றுகிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நானும் வீட்டுக்காரரும் போவோம். பாண்டியிலிருந்து ஸ்பிரிட் வாங்கிவந்து விளக்கெண்ணெய் கலந்தால் அதுதான் அதற்குப் பெட்ரோல். என் சேலையெல்லாம் எரிந்த விளக்கெண்ணெய் வாடை. முன்னால் இருக்கிற காற்றாடியை விரலால் சுண்டி எஞ்சினைக் கிளப்புவது வீட்டுக்காரர் வேலை. இரண்டு முறை விரலைக் கிழித்துக்கொண்டார். ஆடு மேய்க்க வந்தவர்கள் சுற்றி நின்று, "ஏம்மா, பொம்பள ஓட்டுற வேலையா இது?" என்பார்கள். "ஆம்பள ஓட்டுற வேலன்னா நீ வந்து ஓட்டு, தோ பெட்டி" என்பேன். அதற்கப்புறம் ஆட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அந்த விமானம் ரொம்ப நல்ல பிள்ளை. இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும். நாம் தப்புச் செய்தாலும் குச்சியை விட்டுவிட்டால் தானே நேராகிக்கொள்ளும். பழகுவதற்கு அதைவிட வேறு வேண்டாம். ஆனால் எனக்குக் குட்டிக்கரணம் போடவைக்க வேண்டும். வானத்தில் ஒரு முழு வட்டம். தம்பி போட்டுக் காட்டியதாகச் சொன்னான், பிரான்ஸில், வேறு விமானத்தில். இதைத் தலைகீழாகத் திருப்பினால் சண்டிமாடு மாதிரி முரண்டு பிடித்து நேராகிவிடும். நல்ல பிள்ளையை வைத்துக்கொண்டு கூத்தாட முடியாது என்று தம்பிக்குக் கடிதம் எழுதினேன்.

பதிலோடு கேட்லாக்கிலிருந்து கிழித்த மூன்று தாள் வந்தது. அடுத்த லீவுக்கு ஒன்றுதான் கொண்டுவர முடியும், பெட்டியில் அவ்வளவுதான் இடம், நீயே பார்த்துச் சொல், ஓட்டப்போகிற கை உன்னுடையது என்று எழுதியிருந்தான். ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் இறக்கையைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று பேனாவால் வரைந்து நாலு வரி குறிப்பு.

முதலாவது சண்டை விமானம். மூக்கில் சுறாவாய், பல் எல்லாம் வரைந்திருந்தது. வீட்டுக்காரர் அதிலேயே விழுந்துவிட்டார். "இத்த எடு. பல்லப் பாரு, ஊரே மெரளும்" என்றார். தம்பியின் குறிப்பில் 'மெதுவாகப் போனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும்' என்றிருந்தது. இரண்டாவது, மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை. மஞ்சள் நிறம். தேர் மாதிரி அத்தனை அழகு. ஆனால் இரண்டு இறக்கைக்கும் நடுவே குச்சியும் கம்பியுமாக இருந்தது. ஒருமுறை விழுந்தால் ஒட்டவைத்தே வயதாகிவிடும்.

மூன்றாவதைப் பார்த்தால் மறுபடி பார்க்கத் தோன்றாது. வெள்ளை உடம்பு, நடுவில் தடித்த இறக்கை, அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பேனா வரைபடத்தில் என் கண் நின்றுவிட்டது. என் பழைய விமானத்தின் இறக்கை சோமாஸ் மாதிரி, அடி தட்டை, மேல் மட்டும் மேடு. இது இட்லி மாதிரி, மேலும் கீழும் ஒரே மேடு. குறிப்பில் 'இது தானாக நேராகாது. எப்படி வைத்தாயோ அப்படியே நிற்கும்' என்று எழுதியிருந்தான்.

பத்து நாள் அந்த மூன்று தாளையும் கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு யோசித்தேன். யூரியா கேட்டவனுக்குப் பொட்டாஷ் போட்டுக் கொடுத்தேன். தலைகீழாகப் பறக்க வேண்டுமென்றால் அதற்கு எது மேல் எது கீழ் என்ற பேதமே இருக்கக்கூடாது என்று ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது புரிந்தது. தானாக நேராவது எனக்கு உதவி இல்லை, தடை. பல்லும் வேண்டாம், தேரும் வேண்டாம் என்று மூன்றாவதையே எழுதினேன். கூடவே ஒன்று கேட்டேன். 'முழுக்க வெள்ளையாக இருந்தால் மேலே போனபிறகு முதுகு எது வயிறு எது என்று எனக்கு எப்படித் தெரியும்? அடிவயிற்றுக்குக் கறுப்புப் பட்டை போட்டுக் கொண்டுவா.'

'அக்கா, இதைக் கேட்க எனக்கு இரண்டு விமானம் உடைய வேண்டியிருந்தது' என்று பதில் எழுதினான். அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஆடியில் வந்தான். விமானமும் வந்தது, வயிற்றில் கறுப்புப் பட்டையோடு. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பூட்டினான். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்நுனியை வைத்துத் தூக்கி, மூக்கும் வாலும் சமமாக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து, மூக்குக்குள் ஈயத்துண்டு வைத்து ஒட்டினான். தராசு பிடிக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அது சொல்லாமலே விளங்கியது. வீட்டுக்காரர் சந்தனக் கிண்ணமும் பழமுமாக வந்து நின்றார்.

"மாமா, வேணாம்" என்றான் தம்பி. "சமன் பண்ணி வெச்சிட்டேன். இனிமே கடுகு கூட ஏத்தக் கூடாது."

"ஒரு பழம்டா மச்சான்."

"அதான் வேணாங்கிறான்ல. ஒங்க பழத்த எடுத்துக்கினு போயி ஊறுகா போடுங்க" என்றேன் நான். அவர் கிண்ணத்தையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலை ஏரிக்குப் போனோம். வேடிக்கை பார்க்கப் பத்திருபது பேர் கூடிவிட்டார்கள். "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும், அட்ட பறக்காதா?" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். முதலில் தம்பி ஓட்டினான். நேராகப் போனது, கவிழ்ந்தது, கறுப்புப் பட்டை மறைந்து வெள்ளை முதுகு தெரிய எங்கள் தலைக்கு மேலே தலைகீழாகப் போனது. பிறகு ஒரு முழு வட்டம். அம்மி பேசின பெரியவர் வாய் பிளந்து நின்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் பார்த்து எடுத்த விமானம் அது.

இறக்கியபிறகு இறக்கையைக் கழற்றி உள்ளே ஒயர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தம்பி பார்த்தான். உடம்பை வீட்டுக்காரர் மடியில் கொடுத்துவிட்டு ஸ்பிரிட் கேனை எடுக்க வண்டிக்குப் போனான். நான் பெட்டியைக் கையில் பிடித்துக் குச்சியை ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். திரும்பிவந்து இறக்கையைப் பூட்டினான். "உன் முறை அக்கா" என்றான்.

தரையில் ஓடி எழும்பியது. எழும்பின வேகத்திலேயே மூக்கை ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு ஏறியது. குச்சியை முன்னால் தள்ளினேன். தலையைக் குனிந்தது, மறுபடியும் தூக்கிக்கொண்டது.

"தள்ளு அக்கா! தள்ளு!"

"தள்ளிக்கினுதான்டா கீறேன்!"

ஏறும், நிற்கும், சரியும், நான் பிடிப்பேன், மறுபடி ஏறும். ஏரிக்கரை வரைக்கும் அப்படியே தள்ளாடிக்கொண்டு போனதை ஒரு வட்டம் திருப்பிக் கொண்டுவந்தேன். இரண்டாம் முறை கரையை நெருங்கும்போது மூக்கைத் தூக்கியபடியே நின்றுவிட்டுப் பொத்தென்று வேலிக்காத்தான் புதரில் விழுந்தது. மூக்கு நசுங்கி, உடம்பு நடுவில் விரிசல் விட்டிருந்தது. இறக்கை மட்டும் முள்ளில் சிக்கி முழுசாகத் தொங்கியது.

"நீ கொண்டாந்ததுல எதோ கோளாறுடா. நான் குச்சிய இழுக்கவே இல்ல" என்றேன்.

"அஞ்சு நிமிசத்துக்கு முன்ன நான்தான அக்கா ஓட்டினேன்? ஒரு கோளாறும் இல்லியே. நீ பழைய பிளேன் நெனப்புல இழுத்துட்ட."

"இழுக்கலடா!"

"இழுக்காம எப்படி ஏறும்? உன் கை இன்னும் பழகல அக்கா. நான்தான் அவசரப்பட்டுட்டேன், வேற கொண்டாந்திருக்கணும்."

அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது என் காதில் விழவேண்டும் என்றே சொன்னது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எனக்கு வாய் அடைத்துப்போனது. ஆமாம், எனக்குத்தான். யார் எது சொன்னாலும் திருப்பிக் கொடுப்பவள் நான், அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் அவன் கையில் அத்தனை அழகாகப் பறந்தது, என் கையில் விழுந்தது. நடுவில் மாறினது கை ஒன்றுதானே? வெடித்த உடம்பைக் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினோம். பத்து நாளில் தம்பி கிளம்பிப் போனான். பஸ் ஏறும்போது, "மனசுல வெச்சிக்காத அக்கா" என்றான். "போடா" என்றேன்.

அதன்பிறகு பழைய விமானத்தைக்கூடத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் ஸ்பிரிட் கேனை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். நல்ல கை என்று ஒருவன் சொன்னான், அவனே இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆயுத பூஜை வந்தது. தராசு, படிக்கல், மருந்தடிக்கிற மெஷின், ஸ்பேனர் எல்லாம் கழுவிக் கடை நடுவில் பரப்பியாயிற்று. நான் பொரி கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஏணி போட்டுப் பரணிலிருந்து அந்த உடைந்த விமானத்தை இறக்கி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒடஞ்சத இன்னாத்துக்கு எறக்கினீங்க?"

"ஒடஞ்சா இன்னா? ஓடின பொருள்தான. ஒரு பொட்டு வெச்சிட்டு ஏத்திடறேன்."

"ஒங்க பொட்டுதான் அத்த பறக்க வெக்கப் போவுதா?"

"அப்படிச் சொல்லாத" என்றார் குங்குமத்தைக் குழைத்துக்கொண்டே. "அன்னிக்கி நான் உள்ள போட்ட பழத்தாலதான் எறக்கையாவது தப்பிச்சுது. இல்லன்னா தூள்தூளாப் போயிருக்கும்."

கையில் இருந்த பொரிப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். "இன்னா பழம்? எங்க போட்டீங்க?"

"எறக்கைக்கு அடியில. மச்சான் கேன் எடுக்கப் போனான்ல, அப்ப."

விமானத்தைத் தூக்கி மூக்கை மேலே பிடித்தேன். உள்ளே கடகடவென்று எதுவோ உருண்டு வால் கோடியில் போய் முட்டியது. மூக்கைக் கீழே சாய்த்தேன். உருண்டு முன்னால் வந்தது. இறக்கை உட்காரும் பொந்துக்குள் கையை விட்டு எடுத்தேன். காய்ந்து கறுத்து, கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிப்போன எலுமிச்சம்பழம். அன்றைக்கு ஈரப்பழமாக இருந்தது, விமானம் மூக்கைத் தூக்கினதும் உருண்டு வாலின் சந்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. வால் கனத்தால் மூக்கு ஏறாமல் என்ன செய்யும்? இரண்டு மாதத்தில் வற்றிச் சுருங்கி, இப்போதுதான் சந்தை விட்டு வெளியே வந்திருக்கிறது.

"யோவ்!" என்று கத்திவிட்டேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். "கடுகு கூட ஏத்தக் கூடாதுன்னு சொன்னானேய்யா! ரெண்டு மாசமா என் கையி வெளங்காத கையின்னு நெனச்சி நெனச்சிச் செத்துக்கினு கெடந்தேனே, நீ பாத்துக்கினுதான இருந்த!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் அவருக்கே விளங்கியது. "மச்சான் ஓட்டும்போது நான் போடலியேடி" என்றார் மெதுவாக. "அவன் ஓட்டினா எனக்கு இன்னா? நீ ஓட்டப்போறன்னதும் எனக்கு மனசு கேக்கல. உன் பேருக்கு அர்ச்சன பண்ண பழம் அது. உன் கை நடுங்கக் கூடாதுன்னு வேண்டிக்கினேன்."

சண்டை போடத் திறந்த வாய், அப்படியே அழுகையாகிவிட்டது. அழுகை நடுவிலேயே சிரிப்பும் வந்தது. கடைக்குப் பொரி வாங்க வந்த பிள்ளைகள் பயந்து ஓடிவிட்டார்கள்.

தம்பிக்கு எழுதினேன். அந்தக் காய்ந்த பழத்தைப் படமாக வரைந்து, விமானத்துக்குள் அது எங்கே இருந்தது, எங்கே போனது என்று அம்புக்குறி போட்டு அனுப்பினேன். பாண்டிக்கு லீவில் வந்த அவன் சிநேகிதன் ஒருவர் மூலம் ஒட்டுப்போடுவதற்கு லேசான மரப்பலகைகளும் பசையும் ஒரு கடிதமும் வந்தன. 'அக்கா, என்னை மன்னித்துவிடு. அந்தக் கனத்தை வாலில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை வரை போய்த் திருப்பியும் கொண்டுவந்தாயே. நானாக இருந்தால் பத்து எண்ணுவதற்குள் விழுந்திருக்கும். உன் கை என் கையைவிட நல்ல கை.' அவ்வளவுதான் கடிதம்.

மார்கழி முழுக்க உட்கார்ந்து ஒட்டினேன். மூக்கு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. விரல்நுனியில் வைத்து நானே சமன் பார்த்தேன், ஈயத்துண்டு நானே வைத்தேன். பங்குனிக் கடைசியில் ஏரி வற்றியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் மட்டும் போனோம். வேடிக்கை பார்க்க யாரும் இல்லை.

இறக்கையைப் பூட்டும்போது வீட்டுக்காரர் பத்தடி தள்ளிப் போய் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லையாம். "பழம் எங்க?" என்று கேட்டேன்.

"கொண்டாரல. சாமி சத்தியமா."

"எனக்குத் தெரியும் நீங்க இப்படித்தான் பண்ணுவீங்கன்னு" என்று சொல்லி என் பையிலிருந்து எடுத்தேன். முந்தின நாள் கோயிலுக்குப் போய் நானே வாங்கிவந்த பழம். அவர் சட்டைப்பையில் போட்டேன். "இத்த வெச்சிக்கினு இங்கியே நில்லுங்க. கையி நடுங்கறது ஒங்களுக்குத்தான்."

எஞ்சினைச் சுண்டிவிட்டுத் தள்ளி நின்றார். விமானம் ஓடி எழும்பியது. மூக்கு தூக்கவில்லை. நான் சொன்ன அளவுக்கு ஏறியது, நான் சொன்னதும் நேரானது. கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

குச்சியை இழுத்தேன். ஏறியது, ஏறிக்கொண்டே போய்க் கவிழ்ந்தது. கறுப்புப் பட்டை முழுசாக வானத்தைப் பார்க்க, வெள்ளை முதுகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. என் கை நடுங்கவில்லை.